மண் பரிசோதனை அறிக்கையை மட்டும் நம்பித் தளம் போடாதீர்கள்

வீட்டுத் தரைக்கும் வாகனம் நிற்கும் முன்வாசல் தளத்துக்கும் அடியில் நிரப்பிய மண்ணை முறைப்படி கெட்டித்ததாகச் சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கூடத்தின் தரை இறங்கிவிட்டது. சுவரோர ஓட்டுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிறது. தட்டிப் பார்த்தால் காலிப் பானையைப் போல ஒலிக்கிறது. முன்வாசலில் சக்கரம் ஓடும் தடம் குழிந்து, தண்ணீர் அங்கேயே தேங்குகிறது.

வேலை நடந்தபோதே மண் இறுக்கத்துக்கு ஆதாரம் கேட்டோம். ஒப்பந்ததாரர் ஆய்வக முத்திரையும் கையொப்பமும் உள்ள ஓர் அறிக்கையைக் கொடுத்து, "மண் பரிசோதனையில் தேறிவிட்டது" என்றார். ஏமாற்று வேலை முழுவதும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. பலரிடமும் இதே தாளைத்தான் நீட்டுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

அது பிராக்டர் சோதனையின் அறிக்கை. அணைக்கட்டுப் பணியில் இருந்த ரால்ஃப் பிராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1933-இல் வெளியிட்ட முறை இது. மண்ணை ஓர் அச்சில் மூன்று அடுக்காக இட்டு, அடுக்குக்கு 25 முறை வீதம், சுமார் 2.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை ஓர் அடி உயரத்திலிருந்து விழவைத்து இடிப்பார்கள். ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடர்த்தி ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த உச்சம்தான் அதிகபட்ச உலர் அடர்த்தி. அப்போதுள்ள ஈரம்தான் உகந்த ஈரப்பதம். அதாவது, இந்த மண் எவ்வளவு இறுகக்கூடும் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. உங்கள் மனையில் அது எவ்வளவு இறுகியது என்று ஒரு வார்த்தைகூட அதில் இருக்காது. தேறுவதும் தவறுவதும் அந்தச் சோதனையில் கிடையவே கிடையாது.

கேட்டு வாங்க வேண்டியது களத்தில் எடுத்த அடர்த்தி அறிக்கை. கெட்டித்த அடுக்கில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, அடர்த்தி தெரிந்த உலர்மணலால் குழியை நிரப்பி அதன் கொள்ளளவைக் கணக்கிடுவார்கள். ஈரத்தைக் கழித்து வரும் உலர் அடர்த்தியை ஆய்வக உச்சத்தோடு ஒப்பிட்டால் விழுக்காடு கிடைக்கும். கட்டடத் தளத்துக்கு அடியில் பொதுவாக 95 விழுக்காடு கேட்பார்கள். எங்கள் வீட்டில் இந்தச் சோதனை ஒரு முறைகூட நடக்கவில்லை.

தரை இறங்கிய பிறகு வேறொரு பொறியாளரை அழைத்து ஒரு மூலையை உடைத்துப் பார்த்தோம். மேலே ஒரு சாண் ஆழம் வரை மண் நன்றாக இறுகியிருந்தது. அதற்குக் கீழே கம்பியை அழுத்தினால் தடையே இல்லாமல் இறங்கியது. செங்கல் துண்டு, கிழிந்த சிமெண்டுப் பை, வேரோடு வந்த மேல்மண் எல்லாம் அதற்குள் கிடந்தன. வேர் மக்கினால் அந்த இடம் வெற்றிடமாகும் என்பது மண் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாதா?

முழு உயரத்துக்கும் ஒரேயடியாக மண்ணைக் கொட்டிவிட்டு, மேலே மட்டும் அதிர்வுத் தகட்டை, அதாவது அதிர்ந்து மண்ணை இறுக்கும் தட்டையான கை இயந்திரத்தை, ஓட்டியிருக்கிறார்கள். கையால் தள்ளும் இயந்திரத்துக்குத் தளர்வான மண் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். அதன் வலு அதற்குக் கீழே வெகுவாகக் குறைந்துவிடும். வந்ததோ களிமண். தகட்டின் அதிர்வு மணலுக்கும் கிராவலுக்கும் பொருந்தும். களிமண்ணை இடித்தும் பிசைந்தும்தான் இறுக்க முடியும். அதற்குக் குதித்து இடிக்கும் திமிசு இயந்திரமோ, பெரிய இடமானால் முளைகள் வைத்த ரோலரோ வேண்டும். போதாக்குறைக்கு மண்ணும் காய்ந்த கட்டிகளாக இருந்திருக்கிறது. காய்ந்த கட்டிகளுக்கு நடுவே காற்றறைகள் நிற்கும். பிறகு நீர் இறங்கும்போது கட்டிகள் இளகி மொத்தமும் அமுங்கும். எங்கள் தரை மழைக்காலத்தில் இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஒப்பந்ததாரரிடம் காட்டியபோது, "சுவரில் விரிசல் இல்லையே, அடித்தளம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். சுவர் தன் கடைக்காலில் நிற்கிறது, தரை நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கிறது. சுவர் நிற்பதைக் காட்டித் தரைக்கு நற்சான்று கொடுப்பது கேட்பவரை ஏய்க்கும் பேச்சு. "தண்ணீர் கட்டினால் தானாக அமர்ந்துவிடும்" என்றும் சொன்னார். நீர் வடியும் சுத்தமான மணலில் அது ஓரளவு எடுபடும். களிமண்ணில் சேறுதான் மிஞ்சும். கடைசியில் விரிசலைப் பூசி மேலே புது ஓடு ஒட்டித் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். தரை முழுவதையும் பெயர்த்து, மண்ணை அள்ளி, இப்போது வேறு ஆட்களை வைத்து அடுக்கடுக்காக நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

மண் வேலைக்கு ஆள் அமர்த்துகிறவர்கள் அடுக்கின் கனம், கேட்கும் விழுக்காடு, ஒவ்வோர் அடுக்கிலும் களச் சோதனை என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சோதனைக்கான கூலியை நீங்களே நேரடியாகக் கொடுங்கள். சோதிப்பவர் ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தால் பயனில்லை. அறிக்கையில் எந்த இடம், எத்தனையாவது அடுக்கு, எந்தத் தேதி என்று இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பிய மண்ணும் லாரியில் வந்திறங்கும் மண்ணும் ஒன்றுதானா என்பதையும் கண்ணால் பாருங்கள். எங்கள் அறிக்கை கிராவல் மண்ணுக்கு உரியது. ஈரத்தை நீங்களே ஓரளவு கணிக்கலாம்: ஒரு பிடி மண்ணைப் பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது. ரோலர் ஓடும்போது தரை அலையாக எழும்பி அடங்கினால் ஈரம் மிகுந்துவிட்டது. காயவிடாமல் மேல் அடுக்கைப் போட அனுமதிக்காதீர்கள்.

தரை ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தால், ஒட்டுவேலைக்குச் சம்மதிக்கும் முன் ஒரு மூலையையாவது உடைத்து, அடி வரை சோதித்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது ஓடு ஒட்டிய பிறகு அந்த ஆதாரத்தை எடுக்க மறுபடியும் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.