ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200: ஏழு வருடம் விழுங்கிய பிறகு

எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், என்று தெரிந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் மாத்திரை இது. 2018-இல் தொடங்கினேன். முதல் மாதம் ஏமாற்றம்தான். காலையில் விரல் மடங்காது, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது, கன்னத்துச் சிவப்பும் அப்படியே. "மூணு மாசம் பொறும்மா" என்றார் டாக்டர். பதினோராவது வாரம் ஒரு மூடித் தேங்காயைத் துருவி முடித்த பிறகுதான் உறைத்தது, கை வலிக்கவே இல்லை.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று தேடிப் படித்தேன். டிஎன்ஏ செல்லின் உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்க வேண்டியது. வேறு இடத்தில் தட்டுப்பட்டால், கிருமி நுழைந்துவிட்டது என்று உடல் எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கும் உணரிகளில் ஒன்று டிஎல்ஆர்9. 2000-இல் ஜப்பானில் ஷிசுவோ அகிராவின் குழு அடையாளம் கண்டது. லூபஸில் செத்த செல்களிலிருந்து வரும் நம் சொந்த டிஎன்ஏ, ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, என்டோசோம் என்ற அமிலப் பைக்குள் போய் இந்த உணரியை எழுப்பிவிடுகிறது. அழற்சியைக் கிளப்பும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் கொட்டுகிறது, மூட்டு, தோல், சிறுநீரகம் எல்லாம் அடி வாங்குகின்றன. மாத்திரை அந்தப் பைகளில் தங்கி அமிலத்தைக் குறைக்கிறது, உணரி அடங்குகிறது. உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டிய மருந்து, அதனால்தான் மாதக்கணக்கு.

எங்கள் பெரியம்மாவுக்கு இதையே 400 மில்லிகிராமில் சர்க்கரைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2014 முதல் அதற்கும் அனுமதி உண்டு. சர்க்கரை சட்டென இறங்கக்கூடும், கவனம்.

குறைகள்? ரொம்பக் கசப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறேன். பெரிய கவலை கண்தான். விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. என் எடை 52 கிலோ, ஆக 260. மாத்திரையோ 200. அதனால் வார நாட்களில் ஒன்று, சனி ஞாயிறு இரண்டிரண்டு. தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஓசிடி ஸ்கேனும் (விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது) பார்வைப் புலச் சோதனையும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

2020 மார்ச்சில் இது கொரோனாவுக்கு மருந்து என்று பேச்சு பரவ, எங்கள் தெருக் கடையில் ஒரு அட்டைகூட இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் அரசு இதை வைத்த பிறகு பழைய சீட்டும் செல்லவில்லை. பல வாரம் உடம்பில் தங்கும் மருந்து என்பதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் விரல்கள் மறுபடி மடங்க மறுத்தன. அழுதுவிட்டேன். அப்புறம் லூபஸ் உள்ள ஒரு தோழி தன் பங்கிலிருந்து இரண்டு அட்டை கொடுத்து அனுப்பினாள். அன்றிலிருந்து கையிருப்பு ஒரு மாதத்துக்குக் கீழே போக விடுவதில்லை.