பில் பிரிண்டரும் முகவரி மோதலும்: மைக்ரோடிக் ரவுட்டருடன் சில ஆண்டுகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் நெட்வொர்க் என் பொறுப்பு. பில் போடும் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், கேமராக்கள், ஊழியர்களின் செல்போன்கள் என எல்லாம் ஒரே வலையில் இயங்குகின்றன. பழைய ரவுட்டர் இருந்தபோது தீபாவளி வந்தாலே கலக்கம்தான். தற்காலிக ஊழியர்களின் செல்போன்கள் பெருகப் பெருக, பிரிண்டரில் கையால் பதித்த ஐபி முகவரியையே (வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) ஏதாவது ஒரு செல்போனுக்கும் அந்த ரவுட்டர் கொடுத்துவிடும். இரண்டும் மோதி பில் அச்சாகாமல், பணம் கட்டிய வியாபாரி காத்து நிற்பார்.

மைக்ரோடிக் வந்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது. இதன் டிஎச்சிபி சர்வர், அதாவது கருவிகளுக்குத் தானாகவே ஐபி முகவரி கொடுக்கும் பகுதி, கொடுக்கும் முன் பிங் (‘இருக்கிறாயா?’ என்று அந்த முகவரிக்கு அனுப்பும் கேள்வி), ஏஆர்பி (‘இந்த முகவரி யாரிடம்?’ என்று வலை முழுவதும் கேட்பது) இரண்டாலும் விசாரிக்கிறது. பதில் வந்தால் அந்த முகவரி யாருக்கும் போகாது. பட்டியலில் அதற்கு நேராக ‘பிஸி’ என்று காட்டும். பிங் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு) உள்ள கம்ப்யூட்டர் பிங்குக்குப் பேசாமல் இருந்துவிடும். ஏஆர்பிக்குப் பதில் சொல்லாத கருவியோடு அதே வலையில் யாராலும் பேச முடியாது.

முகவரி வாங்கும் கருவிக்கும் இதில் பங்குண்டு. 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5227 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்லும் முறை இது: அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று வைத்து, “இந்த முகவரி யாரிடம் இருக்கிறது?” என்று மூன்று முறை கேட்க வேண்டும். யாராவது பதில் சொன்னால் டிஎச்சிபி சர்வரிடம் ‘வேண்டாம்’ என்று திருப்பிவிட வேண்டும்.

ஆனால் எந்த ரவுட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. விசாரணை நடப்பது முகவரி கொடுக்கும் நேரத்தில்தான். எங்கள் கடையில் ரவுட்டருக்கு யுபிஎஸ் இருக்கிறது, பிரிண்டர்களுக்கு இல்லை. மின்சாரம் போனபோது அணைந்திருந்த பிரிண்டரால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் முகவரி ஒரு செல்போனுக்குப் போய்விட்டது. மின்சாரம் திரும்பியதும் இரண்டும் ஒரே முகவரியில் நின்றன. ஒரே நெட்வொர்க் சுவிட்சில் (கருவிகளை வலையில் இணைக்கும் பெட்டி) உள்ள கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வதால் ரவுட்டரால் இடையில் புகுந்து தடுக்கவும் முடியாது.

அதன் பிறகு பிரிண்டர்கள் எல்லாவற்றையும் டிஎச்சிபிக்கு மாற்றி, ஒவ்வொன்றின் மேக் முகவரிக்கும் (தயாரிப்பிலேயே கருவிக்குத் தரப்படும் அடையாள எண்) ஒரு ஐபியை ரவுட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிட்டேன். கையால் பதித்தே தீர வேண்டிய பழைய கேமராக்களுக்கு 192.168.88.100க்குக் கீழே இடம். செல்போன்களுக்கான வரிசை அதற்கு மேலேதான் தொடங்குகிறது. பிரிண்டர் சர்வீஸுக்கு யார் வந்தாலும் கையால் முகவரி பதிக்க நான் விடுவதில்லை.