இன்கோனல் 718: 650 டிகிரி வரை தாராளமாக நம்பலாம், வாங்கும்போது ஹீட் ட்ரீட்மென்ட் விவரத்தைக் கேளுங்கள்

சூடான இடத்தில் உட்காரும் போல்ட், ஃபிளேஞ்ச், ஸ்பிரிங் போன்ற பாகங்களுக்கு நாங்கள் 718 ராடுதான் வாங்குகிறோம். நிக்கல் கலப்புலோகங்களில் ஒன்றே ஒன்றைத்தான் ஸ்டாக்கில் வைக்க முடியும் என்றால் யோசிக்காமல் இதையே வைப்பேன். ஆனால் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் சேர்மானத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள், அது போதாது.

சேர்மானம் எல்லா மில்லிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நிக்கல் 50 முதல் 55 சதவீதம், குரோமியம் 17 முதல் 21, நியோபியம் 5-ஐ ஒட்டி, மாலிப்டினம் 3, கொஞ்சம் டைட்டேனியம், அலுமினியம், மீதி பெரும்பாலும் இரும்பு. இதே சேர்மானத்தில் ஏஜிங் (நடுத்தரச் சூட்டில் பல மணி நேரம் வைத்துக் கெட்டிப்படுத்துவது) செய்த ராடு, செய்யாததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் அளவு) காட்டும். உள்ளே எந்த ஃபேஸ் (தனிப் படிக அமைப்புள்ள பகுதி) எவ்வளவு பிரிந்து வந்திருக்கிறது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

அடிப்படை ஃபேஸின் பெயர் காமா. அதற்குள் நானோமீட்டர் அளவில் தட்டுத் தட்டாகப் பிரியும் காமா டபுள் பிரைம்தான் பலம் தருகிறது. மூன்று நிக்கலுக்கு ஒரு நியோபியம் என்ற கணக்கு அதற்கு. கூடவே அலுமினியமும் டைட்டேனியமும் சேர்ந்த காமா பிரைம் கொஞ்சம் வரும். சிக்கல் என்னவென்றால், அதே மூன்றுக்கு ஒன்று கணக்கில், ஆனால் வேறு படிக அமைப்பில், டெல்டா என்று இன்னொரு ஃபேஸ் இருக்கிறது, உண்மையில் நிலையானது அதுதான். காமா டபுள் பிரைம் இடைக்கால ஏற்பாடு மட்டுமே. 650 டிகிரி செல்சியஸுக்கு மேலே நீண்ட நாள் வைத்தால் அது பெரிதாகிப் பெரிதாகி, போகப் போக டெல்டாவாக மாறிவிடும், பலமும் கூடவே இறங்கிவிடும். கேட்லாக்கில் 700 என்று யாராவது எழுதியிருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

காமா டபுள் பிரைம் மெதுவாகப் பிரிவதுதான் 718-இன் பெரிய சிறப்பும்கூட. ரெனே 41 போல காமா பிரைமால் பலம் பெறும் நிக்கல் கலப்புலோகங்கள் மிக வேகமாகக் கெட்டிப்படும், வெல்டிங் செய்துவிட்டு ஏஜிங்குக்குச் சூடேற்றும்போது உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்வதற்கு முன்பே கெட்டியாகி வெடிப்பு விட்டுவிடும். அமெரிக்காவில் ஹண்டிங்டனில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் 718-ஐ உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார். வெல்டர்களுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு இந்த நிதானம்தான் காரணம். ஆனால் வெல்டு உறையும்போது நியோபியம் கடைசியில் உறையும் திரவத்தில் சேர்ந்து, லேவ்ஸ் என்ற நொறுங்கும் ஃபேஸாக நிற்கும். வார்ப்பிலும் லேசரில் பிரின்ட் செய்த பாகங்களிலும் இதே தொல்லை உண்டு, 1,100 டிகிரிக்கு மேலே சூடேற்றிக் கரைக்காமல் அது போகாது.

அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட். ஆகாய விமான வேலைக்குப் பெரும்பாலும் 980 டிகிரி வாக்கில் சொல்யூஷன் (பிரிந்த ஃபேஸ்களைச் சூட்டில் கரைப்பது), பிறகு 720-இல் 8 மணி நேரம், மெதுவாக இறக்கி 620-இல் மீண்டும் பிடித்து, ஏஜிங் மொத்தம் 18 மணி நேரம். 980-இல் கொஞ்சம் டெல்டா கரையாமல் நிற்கும், வேண்டுமென்றேதான், கிரெய்ன் (உலோகத்தின் படிகத் துகள்) பெரிதாகாமல் அது பிடித்து வைக்கும். எண்ணெய்க் கிணற்று ஆட்களுக்கு நேர்மாறு: ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் கிரெய்ன் எல்லையில் டெல்டா கோடு போட்டிருந்தால் அங்கேயே விரிசல் பிடிக்கும் என்பதால், 1,021 முதல் 1,052 வரை ஏற்றி டெல்டாவைக் கரைத்துவிட்டு, 774-இலிருந்து 802-க்குள் ஒரே ஏஜிங். இரண்டுமே 718, இரண்டுமே தரமான சரக்கு, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது.

எங்களுக்கு ஒரு டீலர் அனுப்பிய லாட்டில் சேர்மானமும் கடினத்தன்மையும் மட்டும் இருந்த சர்டிபிகேட் வந்தது. இரண்டும் சரியாகவே இருந்தன. துண்டு வெட்டி மெருகிட்டு எட்ச் செய்து (அமிலத்தால் லேசாக அரித்து) மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிரெய்ன் எல்லை முழுக்க டெல்டா ஊசி ஊசியாக வலை பின்னியிருந்தது, 900 டிகிரிப் பக்கம் எங்கேயோ அதிக நேரம் கிடந்திருக்கிறது. கடினத்தன்மை அளந்து இதைப் பிடிக்கவே முடியாது. திருப்பி அனுப்பிவிட்டோம். அதிலிருந்து சொல்யூஷன் வெப்பநிலை, நேரம், குளிர்வித்த விதம், 500 மடங்கு மைக்ராஸ்கோப் படம், இவ்வளவும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுகிறோம். நல்ல மில் இதற்கு முகம் சுளிப்பதில்லை. ஹைதராபாத்தில் மிதானி என்ற உலோக நிறுவனம், சூப்பர்நி 718 என்ற பெயரில் இதே உலோகத்தைத் தயாரிக்கிறது, உள்நாட்டில் வேண்டுபவர்கள் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

லேத் வேலையை முடிந்தவரை ஏஜிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள், டூல் மிச்சமாகும். ஆனால் ஏஜிங்கில் பாகம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கும், அதனால் நெருக்கமான டாலரன்ஸ் உள்ள இடங்களில் கிரைண்டிங்குக்கு மெட்டீரியல் விட்டு வையுங்கள். 650 டிகிரிக்கு மேலே தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் இதை விட்டுவிட்டு வாஸ்பலாய் என்ற இன்னொரு நிக்கல் கலப்புலோகத்துக்குப் போங்கள். அதில் கோபால்ட் இருப்பதால் விலை கூடும், வெல்டிங்கும் சிரமம், ஆனால் அந்தச் சூட்டில் அதன் காமா பிரைம் தாக்குப்பிடிக்கும்.