பனிமலையில் ராத்தங்கல்: பொதுக் குடிலா, கூடாரமா?

இரண்டு குளிர்காலம் கூடாரத்தை முதுகில் சுமந்துகொண்டு மலைப்பனியில் ஸ்கீ ஓட்டினேன். மூன்றாவது குளிர்காலத்தில் அதை வீட்டிலேயே போட்டுவிட்டுப் பொதுக் குடில்களில் தங்க ஆரம்பித்தேன். இனி மாறுவதாக இல்லை. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்த சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குடிலில் தங்கினால் சுமை இரண்டு மூன்று கிலோ குறையும், காற்று உள்ளே வராது. கூடாரம் என்றால் நினைத்த இடத்தில் தங்கலாம், முன்பதிவு வேண்டாம், அடுத்தவர் குறட்டை இல்லை.

என்னை மாற்றியது குளிர் இல்லை, ஈரம். நாள் முழுக்க ஏறி இறங்கினால் ஸ்கீ பூட்ஸின் உள்ளே இருக்கும் மெத்தை மாதிரியான லைனர் வியர்வையில் ஊறிவிடும். கையுறை, சாக்ஸ், ஏற்றத்துக்காக ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் எல்லாம் நனைந்திருக்கும். கூடாரத்தில் இதையெல்லாம் காயவைக்க நம் உடம்புச் சூட்டை விட்டால் வேறு வழி இல்லை. லைனரைக் கழற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அதிலிருந்து கிளம்பும் ஈரம் பைக்குள் அடைத்திருக்கும் இறகில்தான் போய்ச் சேரும். நாம் விடும் மூச்சு கூடாரத் துணியில் உறைபனியாகப் படிந்து, விடியற்காலையில் துணி அசைந்தால் முகத்தில் உதிரும். முதல் ராத்திரி சமாளித்துவிடலாம். இரண்டாவது ராத்திரி இறகெல்லாம் திரண்டுபோய், பை உப்பவே மாட்டேன் என்றது. ஒருமுறை லைனரை எடுத்துவைக்க மறந்து, பூட்ஸோடு வாசலிலேயே விட்டுவிட்டேன். காலையில் அது ஓடு மாதிரி விறைத்துக் கிடந்தது. காலை உள்ளே நுழைக்கவே அரை மணி நேரம் ஆனது.

குடிலில் விறகடுப்புக்கு மேலே கம்பியோ கயிறோ கட்டியிருப்பார்கள். பத்துப் பேருடைய சாக்ஸ் ஒன்றாகக் காயும் அந்த வாடையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. காலையில் உலர்ந்த பூட்ஸுக்குள் கால் போகும்போது அது நினைவுக்கே வராது. ஆனால் ஸ்கின்னையும் லைனரையும் அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். ஸ்கின்னின் பசை இளகும், லைனர் உருக்குலையும்.

தண்ணீருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். புதிதாக விழுந்த பனி என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் பத்து லிட்டர் பனியை அள்ளிப் போட வேண்டும். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே சூட்டில், உருகிய அந்தத் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து சுமார் 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். கூடாரத்தில் அவ்வளவுக்கும் எரிபொருளைச் சுமக்க வேண்டும். குடிலில் எப்படியும் எரிகிற அடுப்பின் மேல் பெரிய பானையை வைத்துவிட்டு மறந்துவிடலாம். பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும், வெறும் பனி தீய்ந்துவிடும்.

குடிலில் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரே நீளப் பரணில் வரிசையாகப் படுக்கும்போது, நடுராத்திரியில் வெளியே போக வேண்டுமென்றால் நாலு பேரைத் தாண்ட வேண்டும். நாலு மணிக்கே கிளம்புகிறவர் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரிப்பார். காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். ஆல்ப்ஸில் குடிலைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர் இல்லாத பருவத்திலும் பல குடில்களில் ‘விண்டர் ரூம்’ என்று ஓர் அறையைத் திறந்து வைத்திருப்பார்கள். அங்கே விறகு பிளப்பது, பெருக்குவது எல்லாம் நம் வேலை. யாரும் இல்லாத குடில் சூடாகச் சில மணி நேரம் பிடிக்கும், அதுவரை ஜாக்கெட்டோடுதான் உட்கார வேண்டும்.

கூடாரத்துக்குச் சாதகமான ஒரு விஷயத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. குடில் இருந்த இடத்திலேயே இருக்கும். பனிச்சரிவு அபாயம் உள்ள நாளிலும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று அது நம்மை இழுக்கும். கூடாரம் இருந்தால் முன்பே பத்திரமான இடம் பார்த்து நின்றுவிடலாம்.

அப்புறம், நான் தொடர்ந்து இரண்டு ராத்திரிக்கு மேல் கூடாரத்தில் தங்கியதில்லை. வாரக்கணக்கில் போகிறவர்கள் வியர்வை இறகில் இறங்காமல் இருக்க, ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஆவி புகாத உறை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை. அவ்வளவு நீண்ட பயணத்துக்கு என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். குடிலுக்கே போனாலும் பனி தோண்ட ஷவலும், அவசரத்துக்கு வெட்டவெளியில் நுழைந்து படுக்க ஒரு பிவி பையும் என் மூட்டையில் இருக்கும். பனிமூட்டத்தில் இருநூறு மீட்டர் தள்ளியிருந்த குடிலைத் தேடி ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறேன்.