மதுரை ஜெயிலிலிருந்து வெளியே வருபவருக்கு ஆதார், ஓட்டர் ஐடி, வங்கிக் கணக்கு: எந்தச் சேவை எப்படி?

புது ஜெயில் ரோட்டில் மத்திய சிறையின் கதவைத் தாண்டியதும் சிம் வாங்க, வீடு பிடிக்க, வேலைக்குச் சேர என எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதார்தான். அதற்கான உதவி மதுரையில் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சிறைக்குள் போடும் ஆதார் முகாம், தபால் நிலையக் கவுன்டர், சட்டப் பணிகள் ஆணைக்குழு, இ-சேவை, வங்கி என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. எங்கள் கணிப்பில், உள்ளே இருக்கும்போதே முடித்துக்கொள்கிற வேலைதான் பெரிய லாபம்.

முதலில் சிறை முகாம். சிறைகளின் பதிவேடான இ-பிரிசன்ஸ் கணினியிலிருந்து எடுத்து, சிறை அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுக்கும் கைதி அனுமதிப் பதிவுத் தாளை ஆதார் ஆணையம் ஆவணமாக ஏற்கிறது. வேறு எந்தத் தாளும் இல்லாதவருக்கு இது பெரிய வாசல். இதில் சிக்கல் பெயரில் வரும். சிறைப் பதிவேட்டுப் பெயர் எஃப்.ஐ.ஆரிலிருந்து வருவது. 'முத்துப்பாண்டி என்ற பாண்டி' என்று இரண்டு பெயர் இருக்கும், இன்ஷியல் விட்டுப்போயிருக்கும், அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அது அப்படியே ஆதாரில் ஏறினால் பள்ளி டி.சி.யோடும் ரேஷன் கார்டோடும் ஒத்துப்போகாது. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். அதனால் ஆபரேட்டர் தட்டியதைத் திரையில் எழுத்துக் கூட்டிப் பார்த்த பிறகே விரல் வைக்கச் சொல்லுங்கள். முகவரிக் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காகப் புதிதாகப் பதிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய கைரேகையோடு ஒத்துப்போனால் 'ஏற்கெனவே உள்ளது' என்று நிராகரித்துவிடுவார்கள். 18 வயதைத் தாண்டியவரின் புதுப் பதிவு மாநில அரசின் சரிபார்ப்புக்கும் போகும் என்பதால், அந்த நிராகரிப்பு தெரியவே மாதக்கணக்கில் ஆகலாம். உள்ளே போவதற்கு முன் ஆதார் எடுத்தவரா என்று வீட்டாரிடம் கேளுங்கள். எடுத்திருந்தால் அவருக்குத் தேவை பழைய எண்ணைத் தேடி எடுப்பது மட்டுமே. ஆன்லைனில் தேட, பதிவான மொபைலுக்கு ஓடிபி வர வேண்டும். அந்த சிம் போயிருந்தால் ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து எடுக்கலாம்.

அடுத்தது தபால் நிலைய ஆதார் கவுன்டர். மொபைல் எண் மாற்றத்துக்கு இதையே முதலில் சொல்வோம். இதற்கு எந்த ஆவணமும் வேண்டாம், ஆளும் விரலும் போதும். 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்தால் 125 ரூபாய், அதோடு சேர்த்து மொபைலையும் மாற்றினால் தனிக் கட்டணம் கிடையாது. மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர்கள், பல வருடம் தறியில் வேலை செய்தவர்கள் கைரேகை தேய்ந்து கருவியில் விழாமல் போகும். அவர்கள் கருவிழியை முயலச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். சொந்த சிம் இல்லையென்றால் அம்மாவின் அல்லது தங்கையின் எண்ணைக் கொடுக்கலாம், ஒரே எண் பல ஆதாரில் இருக்கலாம். ஆனால் அந்தப் போன் கூட வசிப்பவருடையதாக இருக்கட்டும். "அண்ணே, ஓடிபி சொல்லுங்க" என்று கவுன்டரில் கேட்கும்போது போன் திருப்பூரில் இருந்தால் அன்றைய வேலை போச்சு. ஒப்புகைச் சீட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணும் அதை ஒட்டித் தேதியும் நேரமும் இருக்கும். மையை நம்பாமல் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் நிலையை 1947 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ தங்குபவருக்கு முகவரிச் சான்று இருக்காது. 'குடும்பத் தலைவர்' முறை இவர்களுக்கானது. அந்த வீட்டுக்காரர் மையத்துக்குக் கூட வந்து தன் ஆதாரையும் கைரேகையையும் கொடுத்தால் அவர் முகவரியே ஏறும். உறவைக் காட்ட ரேஷன் கார்டு போன்ற ஓர் ஆவணம் வேண்டும். உள்ளே இருந்த நாட்களில் கார்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருந்தால் இந்த வழி தடைபடலாம். அப்போது ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தில் தாசில்தாரிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கலாம். படம் மீது பாதி, தாள் மீது பாதியாக முத்திரை விழ வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது.

கைதான அன்று பர்ஸோடு போலீஸ் எடுத்த அட்டைகள் பலருக்கு வழக்குச் சொத்தாகக் கோர்ட்டில் இருக்கும். இது பலருக்குத் தெரியாமலேயே போகிறது. வழக்கு நடக்கும்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவில் மனு போட்டுக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு இலவச வக்கீல் கிடைப்பார். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு. அதனால் விடுதலைக்கு முன்பே, சிறைக்கு வரும் சட்டத் தன்னார்வலரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது. இந்த வரிசையில் முழு மனதோடு பரிந்துரைக்கும் சேவை இதுதான். தொலைபேசி 15100.

இ-சேவை மையம் சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளுக்குப் போதும். சான்று ஒன்றுக்கு 60 ரூபாய், ரசீது கேட்டு வாங்குங்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் 'ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேன்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரும் இதே விண்ணப்பத்தைத்தான் போடுகிறார்.

ஓட்டர் ஐடி விஷயத்தில் ஒரு வீண் பயம் இருக்கிறது. சிறையில் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாதே தவிர, அதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதில்லை. ஆனால் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் வாங்கியபோது உள்ளே இருந்தவர்களின் பெயர் விட்டுப்போயிருக்கலாம். 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள். பெயர் இருந்தால் இடமாற்றத்துக்கும் தொலைந்த அட்டைக்கும் படிவம் 8, இல்லையென்றால் படிவம் 6.

வங்கியில் ஆதார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'சிறு கணக்கு' என்று பெயர் சொல்லியே கேளுங்கள், வெறுமனே 'கணக்கு' என்றால் ஆதார் கொண்டுவா என்று அனுப்பிவிடுவார்கள். படமும், அதிகாரி முன்னால் போடும் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகையும் போதும். இருப்பு 50,000 ரூபாய்க்குள், மாதம் எடுப்பது 10,000-க்குள், வருட வரவு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணக்கு 12 மாதம் ஓடும். அதற்குள் ஆதாருக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பார்கள். சிறைக்குள் இருப்பவரும் சிறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு இதே கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. சிறைக் கூலி சேர்த்து வைத்திருப்பவர்கள் விடுதலைத் தேதிக்கு முன்பே சிறை நல அலுவலரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும்.