கந்தகம் குறைந்த எஃகுத் தகடு: தடித்த வேலைக்கு வாங்கலாம்

கந்தகம் 0.004 சதவீதம் என்று சான்றிதழில் கண்ட 40 மி.மீ. தகடுகளைக் கட்டடச் சட்டகத்தின் தூண், உத்திர இணைப்புகளுக்கு வாங்கினோம். வெல்டிங் மேற்பார்வையாளனாக என் கருத்து: தடித்த தகட்டில் டி வடிவ இணைப்பு வருகிறதென்றால் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம். கைப்பிடிக் கம்பிக்கும் ஜன்னல் கிராதிக்கும் இது வீண் செலவு.

சாதாரணக் கட்டுமான எஃகில் 0.03, சிலவற்றில் 0.05 சதவீதம் வரை கந்தகத்தைத் தரநிலைகள் அனுமதிக்கின்றன. அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் வெல்ட் உறையும்போது இந்த அற்பம் கடைசியாக உறையும் நடுக்கோட்டில் போய் ஒதுங்குகிறது. இரும்பும் இரும்பு சல்பைடும் சேர்ந்த கலவை சுமார் 988 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே நிற்கும். சுற்றியுள்ள எஃகு அதற்கு வெகு முன்பே உறைந்து சுருங்கத் தொடங்கிவிடும். அந்த இழுப்பில் நடுக்கோடு பிளக்கிறது. மாங்கனீஸ் கந்தகத்தைக் கட்டிப்போடும் என்பது உண்மை. ஆனால் அந்த மாங்கனீஸ் சல்பைடு, தகட்டை உருட்டும்போது நாடா நாடாக நசுங்கி உள்ளே கிடக்கும். டி இணைப்பின் வெல்ட் தகட்டை மேல்நோக்கி இழுத்தால் அந்த அடுக்குகளில்தான் கிழியும், வெளியே தெரியாமல்.

வெல்டின் முதல் ஓட்டம் (முதல் அடுக்கு) முடிந்ததும் சிவப்புச் சாயம் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தோம். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்பாக ஒரு நூல் கசிந்து வரும். வரவில்லை. பிறகு செய்த மீயொலிச் சோதனையிலும் அடுக்குக் கிழிசல் இல்லை.

குறை? சில தகடுகளில் வார்ப்பு எண் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்) பெயிண்டில் மறைந்திருந்தது. எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட முடியாவிட்டால் 0.004 வெறும் காகிதம்தான். கந்தக அளவோடு நின்றுவிடாமல், தடிமன் திசை இழுவைச் சோதனையில் இசட்35 தரம் பெற்றதா என்றும் கேளுங்கள். உடையும் இடத்தில் குறுக்குப் பரப்பு குறைந்தது 35 சதவீதம் சுருங்க வேண்டும் என்பது அதன் பொருள்.

நல்ல தகடுதானே என்று எலெக்ட்ரோடை உலர்த்தாமல் விட்டுவிடாதீர்கள். எலெக்ட்ரோடின் ஈரத்திலிருந்து வெல்டில் புகும் ஹைட்ரஜனால் வரும் வெடிப்பு வேறு நோய். கந்தகத்தைக் குறைப்பது அதற்கு மருந்தல்ல.

துருப்பிடிக்காத எஃகு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அதில் கந்தகம் மிகவும் குறைந்தால் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு செய்வது) உருகிய உலோகக் குளம் ஆழமாக இறங்காமல் அகலமாகப் பரவும்.