காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு எந்தக் காப்பீடு: தனியார் பாலிசியா, சொந்த நிதியா, முதலமைச்சர் அட்டையா?

வட சென்னையில் ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்யக் கிளம்பும் மன்றங்களும் பெற்றோர் குழுக்களும் கடைசியில் மூன்று வழிகளில் ஒன்றில்தான் வந்து நிற்கின்றன. நன்கொடை திரட்டித் தனியார் நிறுவனத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே குழுப் பாலிசி எடுக்கலாம். மாதாமாதம் வசூலித்து நாமே ஒரு மருத்துவ நிதி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வீடு வீடாகப் போய், தகுதியுள்ள எல்லோருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கித் தரலாம். காசிமேட்டில் எங்கள் தெருப் பெற்றோர் குழு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. கூடவே ஒரு சிறு நிதியும் வைத்திருக்கிறோம்.

எளிதில் தெரிகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியார் பாலிசிக்கு வருமானச் சான்றிதழ் வேண்டாம், மருத்துவமனைத் தேர்வும் அதிகம். சொந்த நிதியில் கேட்ட அன்றே பணம் கிடைக்கும். அரசு அட்டைக்கு அலைச்சல் உண்டு. சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையான பிரீமியத்தை அடுத்த ஆண்டு யார் கட்டுவது என்ற ஒரே கேள்விதான்.

குழுப் பாலிசி ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டு முடிந்ததும் நிறுவனம் கணக்குப் பார்க்கும். சிகிச்சைச் செலவுக்காக நாம் கேட்டு வாங்கும் பணம், அதாவது க்ளைம், அதிகம் போயிருந்தால் புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறும். மழைக்காலத்தில் டெங்கு பரவி தெருவில் பல பிள்ளைகள் மருத்துவமனையில் படுத்துவிட்டால், அடுத்த முறை கேட்கும் தொகையே வேறாகிவிடும். பிள்ளைகளுக்குக் காப்பீடு மிகவும் உதவிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டுதான் அதைக் கட்ட முடியாமல் திணறுவோம். முதல் ஆண்டு கேட்டால் கொடுக்க நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. இரண்டாம் ஆண்டு அதே பாலிசியைப் புதுப்பிக்க என்று போய் நின்றால், "போன வருஷம்தானே கொடுத்தோம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெற்றோரிடமே வாங்கலாமே என்றால், எங்கள் பகுதியின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். கடலுக்குப் போகிறவர்களோடு சேர்த்து ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்கள் என எல்லோருக்கும் வரும்படி விழும். தடை முடிவதற்குள் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். புதுப்பிக்கும் தேதி அந்த மாதங்களில் வந்தால், நோட்டுப் புத்தகம் வாங்குவதா பிரீமியம் கட்டுவதா என்று யோசித்து முதலில் நோட்டுப் புத்தகத்தைத்தான் வாங்குவார்கள். தேதியை டிசம்பருக்குத் தள்ளினால் புயலும் மழையும் வந்து நிற்கும்.

குடும்பம் தனியாக எடுக்கும் பாலிசியில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. கெடு முடிந்து 30 நாள் சலுகைக்குள்ளும் கட்டவில்லை என்றால், காத்திருந்த காலம் போய் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மூச்சிரைப்போ இதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

குழுப் பாலிசியை நாங்களே நடத்திப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பகுதி மன்றம் ஒன்று நடத்துகிறது. கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டிவிடுவது, ஒழுங்காக நடந்தது என்று அவர்கள் சொன்னதை நம்புகிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் பிரீமியமே கட்டுவதில்லை, அரசு கட்டுகிறது. 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த திட்டம் இது. ஆட்சிகள் மாறியும் நிற்கவில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையும் காது கேளாத, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியும் இதில் அடங்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அங்கேயும் அட்டையைக் காட்டினால் அந்தச் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் நம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். நம் பிள்ளைகள் போகிற இடம் அதுதான், அது நன்றாக இருக்கட்டும்.

வேலை முழுவதும் காகிதத்தில்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்குச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வேண்டும். அப்புறம் ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்துப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி. அதனால் காகிதங்களை முன்னாலேயே சரிபார்த்து, நாலைந்து குடும்பங்களைச் சேர்த்து ஒரே ஆட்டோவில் அழைத்துப்போகிறோம். ஒரு தடவை பட்டால் முடிந்துவிடுகிற அலைச்சல் இது. பாலிசிக்குத் திரட்டிய பணம் ஆண்டோடு கரைந்துவிடும். இந்த உழைப்பின் பலன் பிள்ளை வளரும்வரை இருக்கும்.

சொந்த நிதியை மட்டும் நம்பவும் முடியாது. நூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். ஒரு குழந்தை தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் சில நாள் இருந்தாலே அது தீர்ந்துபோகும். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மக்கள் 1992 முதல் சமூகக் காப்பீடு நடத்திக் காட்டினார்கள். அங்கே அவர்களுக்கென்றே மருத்துவமனை உண்டு, ஊர்களுக்குள் சுகாதாரப் பணியாளர்கள் உண்டு, பின்னால் காப்பீட்டு நிறுவனமும் நின்றது. நமக்கு அவை இல்லை.

ஆனாலும் சிறு நிதி வேண்டும். எண்ணூர், மணலிப் பக்கத்துக் காற்றைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது வீசிங் என்கிற மூச்சிரைப்பு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மூச்சுத்திணறலோடு குடும்பம் குடும்பமாக வீட்டை விட்டு ஓடினார்கள். அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்காத நாளிலும் ராத்திரி நெபுலைசர் வைத்து, காலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அட்மிஷன் இல்லாத இந்த மாதிரிச் செலவை அரசு அட்டையும் ஏற்காது, தனியார் பாலிசிகளும் பெரும்பாலும் ஏற்காது. இன்ஹேலர், ராத்திரி ஆட்டோ, பிள்ளையோடு தங்கும் அம்மாவுக்குச் சாப்பாடு, இவற்றுக்குத்தான் எங்கள் நிதி.

வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டும் வீடுகள்தான் இடையில் மாட்டிக்கொள்கின்றன. மாதம் பத்தாயிரம் என்பது சென்னையில் எந்த மூலைக்கு? அந்த வீடுகளில் யாராவது மணலி, அம்பத்தூர் கம்பெனிகளில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பணம் பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்கிறோம். சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். பிள்ளைகளுக்கு அட்மிஷன் இல்லாத புறநோயாளி சிகிச்சைகூடக் கிடைக்கும், புதுப்பிக்கும் தேதி என்ற கவலையும் கிடையாது. அதுவும் இல்லாத சுயதொழில் குடும்பங்களுக்கு மட்டும், கட்ட முடிந்தால் தனியார் பாலிசி எடுங்கள் என்கிறோம்.

புதிதாகத் தொடங்கும் குழுக்கள் கைக்குழந்தை உள்ள வீடுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத குழந்தைதான் அவசர நேரத்தில் வெளியே நிற்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க முதல் ஓராண்டுக்குக் கட்டணம் இல்லை. அதை முடித்துக் குழந்தைக்கு ஆதார் எடுத்தால், ரேஷன் கார்டிலும் அப்புறம் காப்பீட்டிலும் சேர்த்துவிடலாம்.